முதல் கைத்தறிச் சேலை: வாங்குவதிலிருந்து துவைப்பது வரை

"அக்கா, சேலை கட்டணும்னு ஆசையா இருக்கு. ஆனா எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல." எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போன மாதம் கேட்டாள். இந்த ஒரு வருடத்தில் என்னிடம் இதைக் கேட்ட நான்காவது ஆள் அவள். நான்கு பேருக்கும் இருபத்தைந்து வயதுக்குள்தான். கல்லூரியில் கடைசி நாளன்று அம்மாவின் பட்டைக் கட்டியதோடு அவர்களுக்கும் சேலைக்குமான உறவு முடிந்திருந்தது. இப்போது அவர்கள் தேடுவது திங்கட்கிழமை காலையில் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிற சேலை. சட்டையோடு, கேன்வாஸ் ஷூவோடு, மடிக்கணினிப் பையோடு.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓரளவு தெரியும். 2015-இல் பெங்களூரில் அஞ்சு மௌத்கல் கதம், ஆலி மத்தன் என்ற இரண்டு தோழிகள், அந்த ஆண்டுக்குள் 100 முறை சேலை கட்டுவது, ஒவ்வொரு சேலைக்கும் ஒரு கதை எழுதுவது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்து ஊர் ஊராகப் பெண்கள் பீரோவின் அடித்தட்டைக் கிளறினார்கள். 2022-இல் நியூயார்க்கின் மெட் காலா என்ற ஃபேஷன் விழாவுக்குத் தொழிலதிபர் நடாஷா பூனாவாலா, ஆடை வடிவமைப்பாளர் சப்யசாச்சியின் தங்கநிறச் சேலையை உலோக மார்க்கச்சையோடு கட்டிப் போனார். மறு ஆண்டு லண்டன் டிசைன் மியூசியம் இன்றைய சேலைகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தபோது அந்தச் சேலையும் அதில் இருந்தது.

சட்டையோடு சேலையா என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தால் அவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி உண்டு. ரவிக்கையும் உள்பாவாடையும் போட்டு, முன்னால் கொசுவம் வைத்து, முந்தானையை இடது தோளில் போடுகிற இன்றைய பொதுக் கட்டு ஆதிகாலத்திலிருந்து வந்ததல்ல. கவி ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் சத்யேந்திரநாத்தின் மனைவி ஞானதானந்தினி தேவி 1860-களில் கணவரோடு பம்பாய் போனார். அங்கே பார்சிப் பெண்கள் உடுத்துவதைப் பார்த்துத் தன் கட்டை மாற்றி அமைத்துக்கொண்டு கல்கத்தா திரும்பினார். இன்றைய கட்டுக்கு வழி போட்டவர்களில் அவர் முக்கியமானவர். நம் ஊரில் பின்கொசுவமும் மடிசாரும் இருந்தன, வயலுக்குப் போகிறவர்கள் முழங்காலுக்குக் கீழே ஏற்றிக் கட்டினார்கள், ரவிக்கை இல்லாமலும் கட்டினார்கள். வேலைக்கும் காலத்துக்கும் ஏற்றபடி பெண்கள் கட்டை மாற்றிக்கொண்டேதான் வந்திருக்கிறார்கள். நீங்களும் மாற்றலாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

எந்தச் சேலையில் தொடங்குவது

பட்டில் தொடங்காதீர்கள். கனம், விலை, கறை படுமோ என்ற பயம், இவை மூன்றும் சேர்ந்தால் சேலை என்றாலே விசேஷத்துக்கு மட்டும் என்ற எண்ணம் மனதில் உட்கார்ந்துவிடும். ஜார்ஜெட், ஷிஃபான் பக்கமும் முதலில் போக வேண்டாம். வழுக்கும். கொசுவம் கையில் நிற்காது, நாள் முழுக்க இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிவரும். கட்டப் பழகுகிறவருக்குப் பருத்தியைப் போல ஒத்துழைக்கிற துணி கிடையாது. மடித்த இடத்தில் மடியும், சொருகிய இடத்தில் நிற்கும், வியர்வையை வாங்கிக்கொள்ளும்.

ஆனால் பருத்தி என்பது ஒரே துணி அல்ல. கடையில் "80-க்கு 80" என்று சொல்வார்கள். பாவிலும் (நீளவாக்கில் ஓடும் இழை) ஊடையிலும் (குறுக்கே ஓடும் இழை) 80-ஆம் நம்பர் நூல் என்று அர்த்தம். நம்பர் கூடக் கூட நூல் மெலியும். 40, 60 நம்பரில் நெய்த சேலை கனமாக, முரட்டுத்தனமாக இருக்கும், உழைக்கும். 80 நடுத்தரம். 100, 120 என்றால் மெல்லிசு. மெல்லிசாக இருந்தால் கட்ட எளிது என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் 80 நம்பர்தான் புதியவர்களுக்குச் சரியாக இருக்கிறது. கொசுவம் உப்பாமலும் நிற்கும், உள்பாவாடையும் வெளியே தெரியாது.

ரகங்களில் நான் முதலில் கைகாட்டுவது நெகமம். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். நெகமம் பருத்திச் சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாலு துவையலுக்குப் பிறகு உடம்போடு ஒட்டிப் பழகிவிடும். என்னிடம் இருக்கிற நீல நெகமத்தை எட்டு வருடமாகக் கட்டுகிறேன். கரை இன்னும் அசையவில்லை.

காரைக்குடிக் கண்டாங்கி பார்க்க வேறு அழகு. கட்டமும் கோடுமாக, அகலக் கரையோடு, கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு என்று கண்ணைப் பிடிக்கிற நிறங்கள். இன்றைய சட்டைக்கும் டி-ஷர்ட்டுக்கும் இதைவிடப் பொருத்தமான சேலையை நான் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டையும் கறுப்பு சிவப்புக் கண்டாங்கியும் சேர்ந்தால் வேறு நகையே வேண்டாம். 2019-இல் இதற்கும் குறியீடு வந்தது. ஒரே சிக்கல், பழைய பாணியில் நெய்தது கொஞ்சம் கனம். கையில் எடுத்துப் பார்த்து, மெல்லிசு நூலில் நெய்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

மதுரைச் சுங்குடியின் சிறப்பு நெசவில் இல்லை. துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி, பிறகு அவிழ்த்தால் கிடைக்கிற புள்ளிகளில் இருக்கிறது. மதுரையின் சௌராஷ்டிரக் குடும்பங்கள் வளர்த்த கலை. இப்போது கடைகளில் தொங்குவதில் பெரும்பகுதி அச்சடித்ததும் மெழுகு வைத்துச் சாயம் போட்டதும்தான். அவையும் கட்டுவதற்கு இதமானவை, விலையும் குறைவு, வெயில் காலத்துக்கு நல்லவை. கை முடிச்சுச் சுங்குடி என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் மட்டும் புள்ளிகளைக் கவனியுங்கள். கையால் போட்டவை எல்லாம் ஒரே அளவில் இருக்காது. முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகக் குவிந்து சுருங்கியிருக்கும், தடவினால் விரலுக்குத் தெரியும்.

காஞ்சி காட்டன், அருப்புக்கோட்டை, பரமக்குடி, மணமேடு, உறையூர் என்று இன்னும் எத்தனையோ. கோவை கோரா பட்டும் பருத்தியும் கலந்தது, லேசான மினுமினுப்பு உண்டு. அதை இரண்டாவது மூன்றாவது சேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். சேலையின் நீளம் பொதுவாக ஐந்தரை மீட்டர். ரவிக்கைத் துணி சேர்ந்தால் ஆறே கால் வரை வரும். நீளத்தை எல்லோரும் கேட்கிறார்கள், அகலத்தை யாரும் கேட்பதில்லை. 45 அங்குலத்திலிருந்து 48 வரை மாறும். ஐந்தடி ஏழு அங்குலத்துக்கு மேல் உயரம் உள்ளவர்கள் 47-க்குக் குறைந்து வாங்கினால் கணுக்கால் தெரியும். சேலையைப் பிரித்து இடுப்பிலிருந்து கீழே தொங்கவிட்டுப் பார்த்தாலே போதும், டேப் கூட வேண்டாம்.

கடையில்

முதல் சேலையை நேரில் தொட்டு வாங்குங்கள். படத்தில் பார்த்து வாங்குவதற்குக் கைக்குப் பழக்கம் வேண்டும், அது பிறகு வரும். கோ-ஆப்டெக்ஸ் கடை தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பெரிய ஊரிலும் இருக்கிறது. 1935-இல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் அது. தீபாவளியை ஒட்டி 30 சதவீதத் தள்ளுபடி வரும். சில சேலைகளில் நெய்தவருடைய படமும் பெயரும் அச்சிட்ட அட்டை இருக்கும். அந்த அட்டையை நான் தூக்கிப் போடுவதில்லை, சேலையோடு மடித்து வைத்துக்கொள்கிறேன். நெசவு ஊர்ப் பக்கம் போகிற வாய்ப்பு இருந்தால் சங்கத்துக் கடைக்கே போங்கள். தறிச் சத்தம் கேட்கிற தெருவில் நின்று வாங்கிய சேலையை அலட்சியமாகத் தூக்கிப் போட மனசு வராது.

கைத்தறியா விசைத்தறியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சேலை உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தது. இருந்தாலும் விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று விற்பது நிற்கவில்லை. ஆகவே நீங்களே பார்க்கப் பழக வேண்டும்.

சேலையின் இரண்டு ஓரத்தையும் வெளிச்சத்தில் பிடியுங்கள். கைத்தறியில் நெய்யும்போது துணி சுருங்காமலிருக்க, இரண்டு முனையிலும் ஊசி உள்ள ஒரு குச்சியைக் குறுக்கே குத்தி வைப்பார்கள். நெய்ய நெய்ய அதை நகர்த்திக்கொண்டே போவார்கள். அந்த ஊசி பட்ட சின்னத் துளைகள் ஓரத்தில் விட்டுவிட்டுத் தெரியும். அடுத்து, உடலை விரித்துப் பாருங்கள். ஊடை ஓர் இடத்தில் நெருக்கமாகவும் ஓர் இடத்தில் லேசாகத் தளர்ந்தும் இருக்கும். ஒரு கை அடித்த அடியும், கொஞ்சம் ஓய்ந்து மறுபடி அடித்த அடியும் ஒன்றாக இருக்காது. அச்சு வார்த்த மாதிரி முதலிலிருந்து கடைசி வரை ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படலாம். இந்த இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், சேர்த்துப் பாருங்கள்.

கோர்வைச் சேலை கிடைத்தால் கரையும் உடலும் சேரும் இடத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வாருங்கள், வாங்காவிட்டாலும் பரவாயில்லை. தறியில் ஊடை நூலைக் குறுக்கே கொண்டு போகிற கட்டைக்கு நாடா என்று பெயர். கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா என்று மூன்று நாடா ஓட்டி, இரண்டு நிறத்தையும் ஒன்றோடொன்று கோத்து நெய்வது அது. பழைய முறையில் தறியில் இன்னொருவர் துணைக்கு உட்கார வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு விலைச் சீட்டைப் பார்க்கும்போது உங்களுக்குக் கோபம் வராது.

கைத்தறி முத்திரை 2006-லிருந்து இருக்கிறது, சேலையில் ஒட்டியிருந்தால் நல்லது. கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். "அண்ணே, இது எந்த ஊர் நெசவு? எத்தனாம் நம்பர் நூல்? சாயம் போகுமா?" விவரம் தெரிந்தவர் உற்சாகமாகப் பதில் சொல்வார், கேட்காத இன்னும் நாலு சேலையைப் பிரித்துக் காட்டுவார். "எல்லாம் ஒரிஜினல்தான்மா" என்று மட்டும் சொல்லி அடுத்த சேலைக்குப் போகிறவரிடம் நான் வாங்குவதில்லை.

கலப்படத்தில் சந்தேகம் இருந்தால், வாங்கிய பிறகு வீட்டில் முந்தானை ஓரத்திலிருந்து ஒரு இழை உருவி எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகி, கடினமான மணியாகச் சுருண்டு நிற்கும்.

விலை? நல்ல தினசரிக் கைத்தறிப் பருத்தி ஆயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. முந்நூறு ரூபாய்க்குக் கைத்தறி என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சேலை தறியில் இறங்கி வர நாட்கள் ஆகின்றன. அந்த விலையில் நெய்தவருக்கு என்ன மிஞ்சும்?

கட்டுவதற்கு முன்

வாங்கி வந்த அன்றே தையல்காரரிடம் கொண்டு போகாதீர்கள். நான் செய்த தவறு அது. என் இரண்டாவது நெகமத்தைப் புதுசாகவே கொடுத்துவிட்டேன். சேலையின் கீழ் ஓரத்தில் உள்பக்கமாக வைத்துத் தைக்கிற ஃபால்ஸ் துணியைக் கடையில் நனைக்காமல் அப்படியே தைத்துக் கொடுத்தார்கள். முதல் துவையலில் ஃபால்ஸ் ஒரு பக்கம் சுருங்க, சேலை ஒரு பக்கம் சுருங்க, கரை முழுக்கச் சுருக்கம் விழுந்து அலை அலையாக நின்றது. பிரித்து மறுபடி தைக்க ஒரு வாரம் ஆனது, தையல் போட்ட இடத்தில் கரையில் சின்னத் துளைகள் நிரந்தரமாகத் தங்கிவிட்டன.

சரியான வரிசை இது. முதலில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கிச் சேலையின் கரையில் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டுகிறதா பாருங்கள். வெளிர் உடலும் அடர்ந்த கரையும் உள்ள சேலையில் இது கட்டாயம். பிறகு ஒரு பக்கெட் பச்சைத் தண்ணீரில் ஒரு கைப்பிடி கல்லுப்பு கரைத்துச் சேலையைத் தனியாக ஒரு கால் மணி நேரம் முக்கி வைத்து, அலசி, நிழலில் உலர்த்துங்கள். உப்பு சாயத்தை முழுக்கக் கட்டிப்போட்டுவிடும் என்று நம்ப வேண்டாம். ஒட்டாமல் நிற்கிற கூடுதல் சாயத்தை முதல் நாளே வெளியே எடுப்பதற்கும், சுருங்க வேண்டியது சுருங்குவதற்கும்தான் இந்த ஊறல். அதிக நேரம் ஊற வைத்தால் வெளியேறிய சாயமே திரும்ப உடலில் ஏறும். ரவிக்கைத் துணியை வெட்டி அதையும், பருத்தி ஃபால்ஸையும் இதே மாதிரி நனைத்து உலர்த்துங்கள். அப்புறம்தான் தையல்.

ஃபால்ஸ் கட்டாயமா என்று கேட்பார்கள். கால் மிதிபடுகிற ஓரத்துக்கு அது கவசம், கொசுவம் கீழே தொங்கி நிற்க எடையும் கொடுக்கும். கனமான கண்டாங்கிக்குத் தேவைப்படாது. மெல்லிசுச் சேலைக்குப் போட்டுவிடுங்கள், கையால் தைக்கச் சொல்லுங்கள்.

உள்பாவாடை பருத்தியாக, சேலை நிறத்துக்கு நெருக்கமாக இருக்கட்டும். இதில் ஒரு விஷயத்தை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். பிடிமானத்துக்காக நாடாவை இறுக்கி இறுக்கிக் கட்டாதீர்கள். ஒரே இடத்தில் வருடக்கணக்கில் நாடா அறுத்தால் தோல் கறுத்து, புண்ணாகும். ஆறாத அந்தப் புண் அரிதாகப் புற்றாக மாறியதை நம் நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்துத் தைத்த பாவாடை இடுப்பை அறுக்காது, சேலையையும் நன்றாகப் பிடிக்கும்.

மேலே என்ன போடுவது? தைத்த ரவிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். இருக்கிற பருத்திச் சட்டையைப் பாவாடைக்குள் சொருகிக்கொள்ளலாம், உடம்போடு ஒட்டிய டி-ஷர்ட் போடலாம், குட்டைக் குர்தா போடலாம். காலர் சட்டை என்றால் முந்தானையை ஒற்றை விரிப்பாகப் போடாமல் ஒடுக்கமாக மடித்துப் போடுங்கள், காலர் எடுப்பாகத் தெரியும். இடுப்பில் ஒரு பெல்ட் போட்டால் முந்தானை அதற்குள் அடங்கிவிடும், ஊக்கு ஒன்று குறையும்.

கட்டலாம் வாருங்கள்

முதல் முறை ஞாயிற்றுக்கிழமை கட்டுங்கள். கட்டிக்கொண்டு வீட்டிலேயே இரண்டு மணி நேரம் நடமாடுங்கள், சமைங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள். வேலை நாள் காலையில், பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில் பழகக் கூடாது.

செருப்போ ஷூவோ, எதைப் போடப் போகிறீர்களோ அதை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். உயரம் அதைப் பொறுத்துத்தான். பாவாடையைத் தொப்புளுக்கு ஓர் அங்குலம் கீழே கட்டுங்கள். ஊக்கு மூன்று போதும். புதியவர்கள் பத்துப் பன்னிரண்டு குத்துகிறார்கள், ஒவ்வொன்றும் சேலையில் ஓர் ஓட்டை. ஊக்கின் உள்ளே ஒரு சின்ன மணியைக் கோத்துக்கொண்டால் வளைந்த மூலையில் நூல் மாட்டிக் கிழியாது. என் அத்தை சொல்லிக்கொடுத்தது, இருபது வருடமாகக் கைவிடவில்லை.

முந்தானை இல்லாத முனையை எடுங்கள், ஃபால்ஸ் தைத்த ஓரம் கீழே, உள்பக்கம் உடம்பைப் பார்த்தபடி. வலது இடுப்பின் முன்பக்கத்தில் சொருகத் தொடங்கி, இடது பக்கமாகப் பின்னால் கொண்டுபோய் மறுபடி முன்னால் வாருங்கள். ஒரு முழுச் சுற்று. சொருகும்போதே கீழ் ஓரம் தரையைத் தொட்டும் தொடாமலும் சுற்றிலும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஷூ போட்டால் அரை அங்குலம் ஏற்றிக்கொள்ளலாம். இந்தச் சுற்று கோணினால் மற்றது எல்லாம் கோணும், அதனால் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கொசுவத்துக்குப் போகாதீர்கள். பலரும் தடுமாறுவது இங்கேதான். முந்தானையை முதலில் முடித்துவிடுங்கள். மறு முனையை எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஐந்தாறு மடிப்பு வையுங்கள். கரை வெளியே தெரியட்டும். அதை முதுகைச் சுற்றி, வலது கைக்கு அடியில் கொண்டு வந்து, மார்புக்குக் குறுக்காக இடது தோளில் போடுங்கள். பின்னால் முழங்கால் வரை தொங்கினால் சரியான நீளம். தோளில் முதல் ஊக்கு.

இப்போது முன்னால் மிச்சமாகத் தளர்ந்து நிற்கிற துணி எவ்வளவோ அதுதான் கொசுவம். அளவு தானாகவே அமைந்துவிட்டது, பாருங்கள். வலது பக்கத்திலிருந்து தொடங்கி, கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையில் துணியை மாற்றி மாற்றி எடுத்து ஐந்து முதல் ஏழு மடிப்பு. மடிப்பு திறக்கும் பக்கம் இடதுபுறம் பார்க்க வேண்டும். மேல் ஓரத்தைச் சமமாகத் தட்டிச் சேர்த்து, தொப்புளுக்குச் சற்று இடதுபக்கம் உள்ளே சொருகுங்கள். இரண்டாவது ஊக்கை மடிப்புகளின் உள்பக்கமாக, இடுப்புக்கு மூன்று விரல் கீழே. வெளியே தெரியாது, நடக்கும்போது மடிப்பு பிரியாது. மூன்றாவது ஊக்கு முந்தானையை ரவிக்கையோடு வலது மார்புப் பக்கம் பிடிக்க. தேவைப்பட்டால் மட்டும்.

புதுப் பருத்தி கொஞ்சம் உப்பும். வீட்டில் யாராவது இருந்தால் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு மடிப்பாகப் பிடித்து இழுத்துவிடச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் முதல் நாள் இரவே கொசுவத்தையும் முந்தானையையும் மடித்து, கிளிப் போட்டு, இஸ்திரி போட்டு வைத்துக்கொள்ளலாம். இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், சேலையைக் கொடுத்தால் பெட்டி மாதிரி மடித்துத் தருவார்கள். பட்டுக்குக் கொடுங்கள். தினசரிப் பருத்திக்கு உங்கள் கையே பழகட்டும். முதல் தடவை எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. இப்போது ஏழு.

சுற்று, முந்தானை, கொசுவம் மூன்றும் கைக்கு வந்த பிறகு பாவாடைக்குப் பதில் கால்சட்டைமேல் கட்டிப் பாருங்கள், இடுப்புப் பட்டி உள்ள ஜீன்ஸ் நன்றாகப் பிடிக்கும். அல்லது பாட்டி இருந்தால் பின்கொசுவம் கற்றுக்கொள்ளுங்கள். கொசுவம் பின்னால் போய்விடுவதால் காலில் தட்டாது. நாள் முழுக்க நடக்கிறவர்களுக்கு அதைவிட வசதியான கட்டு இல்லை. யாரும் படம் பிடித்து வைக்காத எத்தனையோ கட்டுகள் அந்தத் தலைமுறையோடு போய்க்கொண்டிருக்கின்றன. கேட்கத் தாமதிக்காதீர்கள்.

வெளியே போகும்போது

படி ஏறும்போது கொசுவத்தை வலது கையால் ஒரு பிடி தூக்கிக்கொள்ளுங்கள், இறங்கும்போது தேவையில்லை. கழிப்பறையில் முந்தானையைத் தோளைச் சுற்றி எடுத்து இடுப்பில் சொருகிவிட்டு, சேலையையும் பாவாடையையும் ஒன்றாகச் சேர்த்து மேலே ஏற்ற வேண்டும், தனித்தனியாக அல்ல.

இருசக்கர வண்டியில் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். முந்தானை சக்கரத்தில் சிக்கி நடந்த விபத்துகள் நம் எல்லா ஊரிலும் உண்டு. பின்னால் உட்காருகிறவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றிவிட்ட வண்டியில் சேலையோடு ஏறாதீர்கள். வண்டியில் ஏறும் முன் முந்தானையை முன்னால் கொண்டுவந்து மடியில் சுருட்டி வைத்து, மேலே பையை வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே ஓட்டுவதென்றால் முந்தானையை இடுப்பைச் சுற்றி இறுக்கிச் சொருகி, ஊக்கு போட்டுவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும்.

துவைப்பதும் வைப்பதும்

கைத்தறிப் பருத்தியை ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டியதில்லை. கழற்றியதும் காற்றாட ஒரு இரவு விட்டால் இரண்டு தடவை கட்டலாம், கோடையைத் தவிர. துவைக்கும்போது மிதமான சோப்பு, பச்சைத் தண்ணீர், கையால். முறுக்கிப் பிழியாதீர்கள், மடித்து அழுத்தித் தண்ணீரை விடுங்கள். உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் உலர்த்துங்கள்.

கஞ்சி போடலாமா? போடலாம், மெல்லிசாக. ஒரு கை ஜவ்வரிசியை நிறையத் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆகும் வரை கொதிக்க வைத்து, வடிகட்டி, அரை பக்கெட் தண்ணீரில் கரைத்து, அலசிய சேலையை அதில் முக்கி எடுங்கள். சோறு வடித்த கஞ்சியும் போதும், வடிகட்ட மறந்தால் பருக்கை ஒட்டிக்கொள்ளும். அடர்த்தியாகப் போட்டால் சேலை விறைத்து, மடித்த இடத்தில் நூல் ஒடியும். பழகுகிற காலத்தில் கஞ்சியே வேண்டாம் என்பேன். துணி தானாக இளகி வருவதை உணர்ந்த பிறகு, எவ்வளவு விறைப்பு பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இஸ்திரி லேசான ஈரத்தோடு போடுங்கள், முழுக்கக் காய்ந்துவிட்டால் கை வலிக்கும்.

மாதக்கணக்கில் கட்டப் போவதில்லை என்றால் கஞ்சியை அலசிப் போக்கிவிட்டு வையுங்கள். கஞ்சி வாசனைக்குப் பூச்சி வரும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வேறு கோட்டில் மடித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே மடிப்பில் இற்றுப்போகும்.

அடுத்த சேலையை எப்போது வாங்குவது என்று கேட்கிறார்கள். முதல் சேலையை ஐந்து முறை கட்டி, ஐந்து முறை துவைத்த பிறகு வாங்குங்கள். அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும், இது அகலம் பத்தவில்லை, இந்தக் கனம் எனக்கு ஒத்துவருகிறது, கரை சின்னதாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று. அந்த மூன்று விவரத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.